தையல் வகுப்பின் முதல் நாளில் பேசி முடிக்க வேண்டியவை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறேன். இது 19-ஆவது வருஷம். ஆறு மிஷின், ஒரு கட்டிங் மேஜை, பேட்சுக்கு எட்டுப் பேர், மூன்று மாதம். புதிதாக வகுப்பு தொடங்க நினைக்கும் பெண்கள் வந்து எந்த மிஷின் வாங்கலாம், ஃபீஸ் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்பார்கள். அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "முதல் நாள் என்ன செய்வீங்க?" என்று நான் கேட்பேன். "அளவு எடுக்கச் சொல்லிக் கொடுப்பேன்" என்பார்கள். என்னைக் கேட்டால், முதல் நாள் டேப்பைத் தொடவே வேண்டாம். அன்றைக்குப் பேச வேண்டியதைப் பேசாமல் விட்டால், பிறகு எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்தாலும் ஆட்கள் பாதியில் நின்றுவிடுவார்கள்.

எனக்கு இது புரிந்தது இரண்டாவது வருஷத்தில். ஒரு பெண் மூன்று மாத ஃபீஸையும் மொத்தமாகக் கட்டிச் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் ஆறு துண்டுப் பாவாடை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதோடு நின்றுவிட்டாள். அடுத்த வாரம் அவள் அம்மா வந்து மாடிப்படியில் நின்றபடியே சத்தம் போட்டார். "மூணு வாரமா பாவாடைக்கு நாடா கோக்கவா காசு கட்டினோம்?" அந்தப் பெண் மனதில் வைத்துக்கொண்டு வந்தது, கொக்கி ஊசியால் பூப்போடும் ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸ். என் மனதில் இருந்தது பாவாடை, கைக்குழந்தைக்குப் போடும் ஜபலா, சாதா பிளவுஸ். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மா கோபப்பட்டதில் தப்பே இல்லை.

அதற்கு அடுத்த பேட்சிலிருந்து ஆளுக்கு ஓர் அட்டை கொடுக்கிறேன். போஸ்ட் கார்டு அளவுதான். முன்பக்கம் ஒரே கேள்வி: மூன்று மாதம் முடியும் நாளில் எதைத் தைத்து யாருக்குப் போட்டுப் பார்க்க ஆசை? எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் நான் எழுதிக்கொள்வேன். "ஏன் தையல் கத்துக்க வந்தீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சும்மாதான் அக்கா", "பொழுது போகும்ல" என்று பதில் வரும். எதை, யாருக்கு என்று கேட்டால்தான் மனசில் இருக்கும் உருப்படி வெளியே வரும்.

"அம்மாவுக்குக் கறுப்பு பிளவுஸ், முழங்கை வரை கை வச்சது" என்று ஒருத்தி எழுதினாள். "பாப்பாவுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம்" என்று இன்னொருத்தி. "விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் ஆல்டரேஷன் வேலை", "கார்மெண்ட்ஸ் கம்பெனி வேலை" என்றும் வரும். ஒவ்வோர் அட்டையையும் அன்றைக்கே, அவர்கள் எதிரிலேயே படித்து, நடக்கும் நடக்காது என்று சொல்லிவிட வேண்டும். யூனிஃபார்ம் நடக்கும். கறுப்பு பிளவுஸும் நடக்கும், ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினால் தையல் கண்ணுக்குத் தெரியாது, பிரித்துத் தைக்கும் காலத்தில் தலைவலி, அதனால் முதல் இரண்டு பிளவுஸ் வெளிர் நிறத்தில்தான் என்று அப்போதே சொல்வேன். கம்பெனி வேலைக்குப் போகிறவர்களிடம், என்னிடம் கரண்டில் ஓடும் பவர் மிஷின் ஒன்றே ஒன்றுதான், அதில் கை பழகலாம், கம்பெனி கேட்கும் வேகம் அங்கே போய்த்தான் வரும் என்று சொல்வேன்.

அடிக்கடி வரும் அட்டை, "வீட்டிலிருந்தே மாசம் பத்தாயிரம்". இதற்கு நான் கணக்குப் போட்டே காட்டுவேன். எங்கள் தெருவில் லைனிங் இல்லாத சாதா பிளவுஸுக்குக் கூலி 150 ரூபாய். படித்து முடித்த புதிதில் ஒரு பிளவுஸுக்கு முக்கால் நாள் ஓடிவிடும். அடுப்படி, பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு மாதத்துக்கு இருபது பிளவுஸ் தைத்தால் 3,000. அதில் நூலும் ஹூக்கும் நம் செலவு. பத்தாயிரம் வருவதற்குக் கை வேகம் வேண்டும், லைனிங் பிளவுஸ் தைக்க வேண்டும், திரும்பத் திரும்ப நம்மிடமே வரும் வாடிக்கைக்காரர்கள் வேண்டும். அதற்கு ஒரு வருஷமாவது ஆகும். இதைச் சொன்னால் சேர மாட்டார்களே என்று பயப்படாதீர்கள். இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் கடைசி வரை வந்தார்கள்.

அட்டையின் பின்பக்கம் இன்னொரு கேள்வி: உங்கள் கைக்கு ஏற்கெனவே என்ன வேலை தெரியும்? இதைச் சேர்த்ததற்கு ஓர் அக்காதான் காரணம். ஐம்பது வயதிருக்கும். சௌராஷ்டிர வீட்டுக்காரர். அவருக்கும் மற்றவர்களோடு சேர்த்து ஊசி பிடிப்பதிலிருந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். பேசாமல் செய்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஹெம்மிங் போடும்போது அவர் விரல் போன வேகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். சின்ன வயதிலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவராம். துணியை நகக்கண் அளவுக்குக் கிள்ளிப் பிடித்து நூலைச் சுற்றி இறுக்கும் வேலை அது, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் போட வேண்டும். அவருக்கு நான் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பூக்கட்டுகிறவர்கள், ஒயர் கூடை பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் கைத்தையல் சீக்கிரம் வந்துவிடும். முதல் நாளே கேட்டுவிட்டால் அவர்களை நேராக மிஷினுக்கு அனுப்பலாம்.

அப்புறம், யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் அன்றைக்கே கேட்டுக்கொள்ளுங்கள். என்னைவிட மூத்தவர்களை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் என்னை டீச்சர் என்பார்கள், சிறுசுகள் அக்கா என்பார்கள். எல்லோர் எதிரிலும் ஒருமையில் கூப்பிட்டுவிட்டால் மூத்தவர்கள் மறுபடி சந்தேகமே கேட்க மாட்டார்கள்.

மூன்று மாதத்தில் என்ன வரும், என்ன வராது

இதை உருப்படிக் கணக்கில் சொல்லுங்கள். "தையல் முழுசா கத்துக்கலாம்" என்று சொல்லவே கூடாது. என் வகுப்பில் ஒரு தலையணை உறை, ஒரு துணிப்பை, ஜபலா, ஆறு துண்டுப் பாவாடை, குழந்தைக்கு ஃப்ராக், ஒரு சுடிதார் செட், சாதா பிளவுஸ் மூன்று, லைனிங் பிளவுஸ் ஒன்று. இவ்வளவுதான். ஆரி வேலை கிடையாது. கட்டோரி, பிரின்சஸ் கட் மாதிரியான பிளவுஸ் மாடல்கள் கிடையாது. அவை வேண்டுமானால் இதை முடித்துவிட்டுத் தனியாகப் படிக்க வேண்டும்.

சர்டிபிகேட் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நான் கொடுப்பது என்னிடம் மூன்று மாதம் படித்தார் என்று கையெழுத்துப் போட்ட தாள், அவ்வளவுதான். அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை இருக்கின்றன. அதை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். அந்தச் சான்றிதழ் வேறு, என் தாள் வேறு என்று முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடுவேன். "இதைக் காட்டினா இலவச மிஷின் கிடைக்குமா அக்கா?" என்று எல்லா பேட்சிலும் ஒருத்தியாவது கேட்பாள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது, தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள், எந்தச் சான்றை ஏற்பார்கள் என்பதைக் கலெக்டர் ஆபீஸில் சமூகநலத் துறையில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். கிடைக்கும் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். நம் கையில் இல்லாததை வாக்குக் கொடுத்து ஒரு பெண்ணை அலையவிடக் கூடாது.

ஃபீஸுக்கு மேல் ஆகும் செலவையும் அன்றைக்கே சொல்ல வேண்டும். டேப், பத்து அங்குலக் கத்தரி, மார்க்கிங் சாக், 14-ஆம் நம்பர், 16-ஆம் நம்பர் ஊசிகள், பாபின் நான்கு, பிரவுன் ஷீட், துணி எல்லாம் சேர்த்து மூன்று மாதத்தில் 1,500 ரூபாய் ஆகிவிடும். எங்கே வாங்குவது என்றால் முன்பெல்லாம் மீனாட்சியம்மன் கோயில் எதிரே இருக்கும் புதுமண்டபம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன். நானும் என் முதல் கத்தரியை அங்கே, தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்துத்தான் வாங்கினேன். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

ஒரு தடவை மிதிக்க விடுங்கள்

"முதல் வாரம் மிஷினில் துணியே கிடையாது" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மூன்றாம் நாள் முகம் வாடிவிடும். அதனால் முதல் நாளே ஆளுக்கு ஐந்து நிமிஷம் மிஷினில் உட்கார வைத்துவிடுகிறேன். நூல் கோக்காத மிஷின். துணிக்குப் பதிலாகக் கோடு போட்ட நோட்டுத் தாள். காலை மிதியில் வைத்து, வலது கையால் சக்கரத்தைத் தன் பக்கமாகத் தள்ளிவிட்டு, கோட்டின் மேலேயே ஊசி போக வேண்டும். கேட்க எளிது. மிதிக்கத் தொடங்கியதும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றும். உடனே காலை எடுத்துவிடுவார்கள், மிஷின் நின்றுவிடும். தாள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். முடித்ததும் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டுவேன். கோட்டை விட்டு விலகிய ஓட்டைகள் பொட்டுப் பொட்டாக வெளிச்சத்தில் தெரியும். சிலருக்கு ஒரு வரிக்குள் மூன்று கோட்டைத் தாண்டியிருக்கும்.

அப்புறம் நான் உட்கார்ந்து ஒரு தாள் ஓட்டி, அதையும் ஜன்னலில் பிடிப்பேன். என் தாளையும் தங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இதற்கு நான்கைந்து நாள் ஆகும், எல்லோருக்கும் ஆகும், எனக்கும் ஆனது என்று அப்போது சொன்னால் மனசில் நிற்கிறது. நேர்கோடு, பிறகு சதுரம், பிறகு வட்டம், அதற்குப் பிறகு நூல் கோத்துத் துணி. அந்த முதல் தாளில் பெயரும் தேதியும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் தர வேண்டியது

முதல் நாளில் டீச்சர்கள் மாணவிகளுக்கான விதிகளை மட்டும் அடுக்குகிறார்கள். லேட்டாக வரக் கூடாது, போன் பேசக் கூடாது, இப்படி. நம் பக்கத்து விதிகளை நாமே முதலில் சொல்ல வேண்டும், அவர்களுடையதை அதற்குப் பிறகு சொல்ல வேண்டும் என்பது என் தீர்மானம்.

நான் தையல் படித்த இடத்தில் நான்கு மாதம் எனக்குக் கொடுத்த வேலை ஹெம்மிங் போடுவதும் ஹூக் வைப்பதும்தான். எல்லாம் அவர்களுக்கு வந்த ஆர்டர் பிளவுஸ்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பிளவுஸுக்கு ஹூக் வைத்திருக்கிறேன். ஃபீஸும் கட்டிக்கொண்டு கூலி இல்லாத வேலையும் செய்தேன். ஹெம்மிங் நன்றாக வந்தது, கட்டிங் ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அதனால் முதல் நாள் நான் எழுதிக் கொடுக்கும் விதித் தாளில், என் பக்கத்து முதல் வரி: என் ஆர்டர் துணியில் மாணவிகள் ஊசி வைக்க மாட்டார்கள். இரண்டாவது வரி: வகுப்பு நேரத்தில் நான் ஆர்டர் தைக்க மாட்டேன், வாடிக்கைக்காரர்கள் வந்தால் 12.30-க்கு மேல் வரச் சொல்வேன்.

மூன்றாவது, மிஷின் நேரம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்குப் போட வேண்டும். ஆறு மிஷின், இரண்டு மணி நேரம் என்றால் 720 நிமிஷம். எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 90 நிமிஷம். ஃபீஸ் வருகிறதே என்று 14 பேரைச் சேர்த்தால் 51 நிமிஷம்தான் கிடைக்கும். மிச்ச நேரம் மற்றவர்கள் தைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மிஷின் ரிப்பேர் ஆனால் இன்னும் குறையும். நான் தாளில் 75 நிமிஷம் என்று எழுதுகிறேன், ரிப்பேருக்கும் சேர்த்து. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் பவர் மிஷின் ஓடாது, அன்றைக்குக் கட்டிங் என்பதையும் சொல்லிவிடுவேன்.

துணி கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதில்தான் அதிகம் மனஸ்தாபம் வரும். என் முறை இது. முதல் பிளவுஸ் பழைய சேலையில்தான், புதுத்துணி கொண்டு வந்தாலும் வெட்ட விட மாட்டேன். அதற்குப் பிறகு, சாக்கில் கோடு போட்டதும் என்னிடம் காட்ட வேண்டும். நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வெட்டி, அளவு தப்பாகப் போனால் துணி என் செலவு. எனக்குக் காட்டாமல் வெட்டினால் அவர்கள் செலவு. லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் கொண்டு வந்து, தைத்த பிறகு துவைத்ததும் சுருங்கிப் போனால் அதுவும் அவர்கள் செலவு. இதுவரை நான்கு முறை என் கைக்காசில் துணி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்று பட்டு. கொடுத்த பிறகு அந்த பேட்ச் முழுவதும் என்னிடம் காட்டாமல் கத்தரியை எடுக்கவில்லை.

அவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். துணிக் கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது, முனை மழுங்கிவிடும். துப்பட்டாவைப் பின் குத்திக்கொள்ள வேண்டும், பின்னலை மேலே கட்டிக்கொள்ள வேண்டும், சக்கரத்தில் மாட்டும். வர முடியாத நாளில் ஒன்பது மணிக்குள் ஒரு மெசேஜ். தைத்ததை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பலாம், இரவு எட்டு மணி வரை. அதற்கு மேல் வந்ததற்கு மறுநாள் காலையில் பதில். தப்பாகத் தைத்ததைப் பிரித்துவிட்டு வராமல் அப்படியே கொண்டு வர வேண்டும். பிரித்துவிட்டால் எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசியாகச் சொன்ன இதுதான் எனக்கு முக்கியம், இரண்டு தடவை சொல்வேன்.

வீட்டில் ஒருவரையும் கூப்பிடுங்கள்

முதல் நாள் கடைசி அரைமணி நேரத்துக்கு மாமியார், அம்மா, வீட்டுக்காரர் யாராவது ஒருவரை வரச் சொல்கிறேன். டீ போட்டுக் கொடுப்பேன். எதிர்பார்ப்பு மாணவிக்கு மட்டும் இருப்பதில்லை, வீட்டுக்கும் இருக்கிறது. ஒரு மருமகள் சேர்ந்த பத்தாவது நாள் மஞ்சள் பையோடு வந்தாள். உள்ளே ஏழு பிளவுஸ் பிட். "அத்தை கொடுத்துவிட்டாங்க அக்கா, ஊர்த் திருவிழாவுக்குள்ள வேணுமாம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்போது அவள் நோட்டுத் தாளில் வட்டம் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அந்த அத்தையை வரச் சொல்லி மிஷினில் உட்கார வைத்தேன். இரண்டு நிமிஷம் மிதித்துப் பார்த்தார். "ஏன் டீச்சரம்மா, இது முன்னாடி போகச் சொன்னா பின்னாடில்ல போகுது" என்றார். "அதேதான்ம்மா, உங்க மருமகளும் அதைத்தான் பழகுறா. ரெண்டு மாசம் கழிச்சு உங்களுக்குத்தான் முதல் பிளவுஸ்" என்றேன். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்துதான் வீட்டு ஆட்களை முதல் நாளே கூப்பிடும் வழக்கம் வந்தது. தினமும் வீட்டில் அரைமணி நேரம் அவளுக்குக் கைத்தையல் போட விட வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டு வாங்கிவிடலாம்.

வர முடியாத நாட்கள்

மதுரையில் வகுப்பு நடத்துகிறவர்கள் காலண்டரைப் பார்க்காமல் பேட்ச் தொடங்கக் கூடாது. சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று அடுத்தடுத்து வரும் நாட்களில் வைகைக் கரையில் இருக்கும் எங்களுக்கு வீட்டில் விருந்தாள்தான் இருப்பார்கள், மாணவிகள் இருக்க மாட்டார்கள். பொங்கலுக்குப் பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அப்படித்தான், ஜல்லிக்கட்டு பார்க்கச் சொந்தமெல்லாம் வந்துவிடும். தீபாவளிக்கு முந்தைய மாதம் எனக்கே ஆர்டர் நெரியும். அதனால் பொங்கல் முடிந்து ஒரு பேட்ச், ஜூனில் ஒரு பேட்ச். அவ்வளவுதான். இடையில் எந்தெந்த நாள் விடுமுறை என்று தேதி போட்டே கொடுத்துவிடுவேன். தவறிய வகுப்புக்குச் சனிக்கிழமை மதியம் வரலாம், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை.

நேரத்தையும் வருகிறவர்களைக் கேட்டே வையுங்கள். 2021 மே மாதத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதிலிருந்து சமயநல்லூர், ஊமச்சிகுளம் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். சிலர் விடியற்காலையில் மல்லிகை மொட்டுப் பறித்துக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள். ஒன்பதரைக்கு வைத்திருந்தபோது தினமும் மூன்று பேர் தாமதம். திட்டிப் பார்த்தேன், பயனில்லை. 10.30-க்கு மாற்றினேன், தாமதம் நின்றுவிட்டது.

இத்தனையையும் ஒரே தாளில், ஒரு பக்கம் நான் தருவது, மறுபக்கம் நீங்கள் தருவது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தமாக ஒரு தடவை வாசித்துவிட்டு, மாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் யாரும் பேச மாட்டார்கள். கொஞ்சம் காத்திருங்கள். யாராவது ஒருவர், "அக்கா, வெள்ளிக்கிழமை மட்டும் கால்மணி நேரம் முன்னாடி விடுவீங்களா?" என்று கேட்பார். முடிந்தால் அங்கேயே பேனாவால் திருத்துங்கள். அந்தத் திருத்தத்தைப் பார்த்ததும் மற்றவர்களும் பேசத் தொடங்குவார்கள். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. ஒன்று அவர்கள் நோட்டின் உள்ளட்டையில் ஒட்ட, ஒன்று நமக்கு.

பதினைந்தாம் நாள் அந்தத் தாளையும் அட்டையையும் மறுபடி எடுங்கள். கூடவே அந்த முதல் நோட்டுத் தாளையும். எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஐந்தைந்து நிமிஷம், அட்டையில் எழுதியது இன்னும் அதேதானா, நான் சொன்னதில் எதைச் செய்யவில்லை என்று கேளுங்கள். போன பேட்சில் ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "75 நிமிஷம்னு எழுதியிருக்கீங்க, எனக்கு 50 தான் கிடைக்குது அக்கா." பார்த்தால் ஜன்னலோர மிஷினில் பெல்ட் நழுவி நழுவி, அதைச் சரி பண்ணுவதிலேயே அவள் நேரம் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு மதியமே புது பெல்ட் வாங்கி மாட்டினேன்.